அத்தை துலக்கிய எஞ்சின்

தையல் மெஷின் மெக்கானிக்கின் வீட்டில் அவருடைய மாமியாரை யாரும் ஒரு வேலையும் செய்ய விட்டதில்லை. எல்லாம் அன்பினால்தான். அந்த அம்மாள் தன் வீட்டில் தனியாக இருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். சேதி தெரிந்ததும் மகளும் மருமகனும் ஓடிப்போய்க் கையோடு அழைத்து வந்துவிட்டார்கள். மருமகன் அவரை ‘அத்தை’ என்று கூப்பிடுவார். நாமும் அப்படியே சொல்வோம்.

அத்தை ஒரு டம்ளரைக் கழுவ எடுத்தால் மகள் பிடுங்கிக்கொள்வாள். துடைப்பத்தைத் தொட்டால் மருமகன் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு ஓடி வருவார். “நீங்க உட்காருங்க அத்தை. நாங்க எதுக்கு இருக்கோம்?”

“எனக்கும் அதுதான் தெரியல மாப்பிள்ளை, நான் எதுக்கு இருக்கேன்னு” என்று அத்தை சிரித்துக்கொண்டே போய் ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார். மருமகன் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் மகளுக்கு விஷயம் தெரியும். மாதம் பிறந்ததும் தன் வீட்டுக்கே திரும்பிவிடுவதாக அம்மா சொல்ல ஆரம்பித்திருந்தார். வழுக்கி விழுந்த அதே வீட்டுக்கு, அதே குளியலறைக்கு. என்ன கெஞ்சியும் பதில் ஒன்றுதான்: “உங்க மேல ஒரு குறையும் இல்லடி. ராணி மாதிரிதான் வச்சிருக்கீங்க. எனக்குத்தான் ராணி வேலை பழக்கமில்ல.”

காலையில் எழுந்ததும் அத்தை வெகுநேரம் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்வார். மகள், மருமகன், பால்காரர் என்று எல்லாருக்காகவும் வேண்டிக்கொண்டபின் கடைசியில் தனக்காக ஒன்று கேட்பார்: “ஆண்டவனே, இன்னிக்காவது ஏதாவது ஒரு வேலை குடு.” கடவுள் கேட்டதைக் கொடுக்காமல் இருப்பதில்லை. எந்த ரூபத்தில் கொடுப்பார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

இந்த முறை அவர் ஒரு ரயில் எஞ்சின் ரூபத்தில் கொடுத்தார்.

மெக்கானிக்கின் முன்னறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் தையல் மெஷின்கள். அது பிழைப்பு. இன்னொன்றில் பொம்மை ரயில் எஞ்சின்கள். அது அவருடைய ஆசை. பொம்மை என்றால் சாவி கொடுத்து ஓட்டுவதல்ல. வயிற்றில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வைத்தால் நிஜ எஞ்சின் போலவே ஆவி கக்கிக்கொண்டு ஓடுகிற பழங்காலத்துப் பித்தளைப் பொம்மைகள். அவற்றைச் சேர்த்து வைக்கும் பித்துப் பிடித்தவர்கள் அந்த ஊரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எதற்காவது கால் உடைந்தாலும் மூச்சு அடைத்தாலும் மெக்கானிக்கிடம்தான் வருவார்கள்.

அவர்களில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர். மற்றவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கையுறை’. தன் எஞ்சின்களைத் தொடுமுன் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொள்வார். பார்க்க வந்தவர்கள் அருகில் மூச்சுவிட்டால்கூட அரை அடி நகர்ந்து நிற்கச் சொல்வார். மற்றபடி தங்கமான மனிதர்.

அவர் கொண்டுவந்த எஞ்சின் முழ நீளம் இருந்தது. அதைச் செய்தவர், முதலில் வாங்கியவர், விளையாடிய குழந்தை, யாரும் இன்று உயிரோடு இருக்க முடியாது, அத்தனை பழசு. பார்க்கிறவர் கண்ணுக்குக் கரி பிடித்த கறுப்பு. தெரிந்தவர் கண்ணுக்கு அது கரும்பச்சை. சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் தலைமுடி கனத்தில் இரண்டு தங்கக் கோடுகள் ஓடுவது தெரியும். அந்தப் பச்சையும் கோடும் தொழிற்சாலையில் பூசியது பூசியபடி மிஞ்சியிருப்பதுதான் அதன் பெருமை.

“பொருட்காட்சிக்கு வைக்கப் போறேன்” என்றார் கடைக்காரர். “சக்கரம் இறுகிக் கெடக்கு, அதை மட்டும் சுத்த வைங்க. பாய்லருக்கு உள்ள யாரோ தண்ணியை அப்படியே விட்டுக் காய வச்சிருக்காங்க, சுண்ணாம்பா படிஞ்சிருக்கு. அதைக் கழுவிடுங்க. வெளிப்பக்கம் துணிகூடப் படக்கூடாது.”

“ஓட்டிப் பார்க்கட்டுமா?”

கடைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “என்ன பேச்சு பேசறீங்க! சூடு பட்டா பெயின்ட் கொப்பளிச்சுடும். நான் வாங்கினதிலேருந்து ஒரு தடவைகூட விளக்கு ஏத்தினதில்ல.”

மெக்கானிக் அதைப் பிரித்தார். கோந்தாகிப்போன பழைய எண்ணெயை மண்ணெண்ணெயும் பல்துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு கரைத்தார். ஒவ்வொரு திருகாணியையும் தனித்தனி மூடியில் போட்டு வைத்தார். இதையெல்லாம் அத்தை நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ‘பாவம், எத்தனை பொறுமை’ என்று தோன்றியது. கூடமாட உதவலாம் என்று ஒருநாள் பக்கத்தில் போனார். “நீங்க உட்காருங்க அத்தை” என்றார் மாப்பிள்ளை.

கடைசியில் பாய்லர் பாக்கி. கழுவ வெந்நீர் வேண்டியிருந்ததால் மெக்கானிக் அதைச் சமையலறைக்கு எடுத்துப் போனார். உள்ளே மட்டும் வினிகர் கலந்த வெந்நீரை ஊற்றி அலசி, வெளியில் ஒரு சொட்டு படாமல் வடித்து, வெயில் விழும் ஜன்னலோரமாகப் பாத்திரக் கூடையில் கவிழ்த்து வைத்தார். அந்த நேரம் பார்த்துச் சீருடை தைக்கும் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பெரிய மெஷின் நடுவேலையில் நின்றுவிட்டதாம், கையில் அவசர ஆர்டராம். மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் அவர் திரும்பி வந்து கை கழுவச் சமையலறைக்குள் நுழைந்தபோது ஜன்னலில் ஏதோ கண்ணைக் கூசச் செய்தது. பாத்திரக் கூடையில், இரண்டு தட்டுகளுக்கு நடுவே, பொன்னாக ஜொலித்துக்கொண்டு பாய்லர் உட்கார்ந்திருந்தது. தொட்டியில் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகள். சிறங்கை உப்பு. பந்தாகச் சுருண்ட கம்பி நார். வடிகால் வாயில் பச்சையாக ஏதோ தேங்கி நின்றது.

“வந்துட்டீங்களா மாப்பிள்ளை?” அத்தை கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். நெற்றியில் வியர்வை. முகத்தில் அப்படியொரு களை. “ஒரு வாரமா பிரஷ்ஷை வச்சுக்கிட்டுக் குட்டிக் குட்டி ஸ்க்ரூவா தேய்ச்சுக்கிட்டிருக்கீங்க. பெரிய உருப்படி அப்படியே கரி ஏறிக் கெடக்கு. நீங்க பாவம் எப்பதான் இதுக்கு வருவீங்கன்னு நானே எடுத்தேன். அப்பப்பா, என்ன அழுக்கு! தோலு மாதிரி உரிஞ்சு வருது. யாரு வீட்டு அடுப்புல இருந்துச்சோ!”

மெக்கானிக் பாய்லரைக் கையில் எடுத்தார். அதில் அவர் முகம் தெரிந்தது. வாய் திறந்தபடி, பூசணிக்காய் போல அகன்று தெரிந்தது.

“எப்படி இருக்கு?”

பட்டறையில் அவர் வாயிலிருந்து கடுஞ்சொல் வராமல் இல்லை. எண்ணெய் போடாமல் மெஷினை ஓட்டிக் கெடுத்துக் கொண்டுவருகிறவர்களைக் காய்ச்சி எடுப்பார். ஆனால் எதிரில் நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தையின் கண்ணில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை.

“ரொம்ப... ரொம்ப நல்லா இருக்கு அத்தை. முகமே தெரியுது.”

“தெரியும்ல? நான் இதைப் பார்த்துத்தான் தலை சீவினேன்” என்றார் அத்தை.

மனைவிக்குத் தபால் நிலையக் கவுன்ட்டரில் வேலை. அவள் வீடு வந்து டீயைக் குடித்து முடிப்பதற்குள் மெக்கானிக் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஏங்க, இப்படி இழுத்துட்டு வர்றீங்க? யாராவது செத்துட்டாங்களா?”

“நான்தான் செத்தேன்.” எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றாள். “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா நாளைக்கே பெட்டியைத் தூக்கிடுவாங்க. இப்ப உள்ள வந்ததும் எனக்கு டீ போட்டு நீட்டினாங்க. பிடுங்கவே தோணல, அத்தனை சந்தோஷம்.” பிறகு, “பச்சை பெயின்ட்தானே? புதுசா அடிச்சுடுங்களேன்” என்றாள்.

“பச்சைதானேவா? நான் அடிச்சா அவர் கண்ணுக்குத் தெரியும். தெரியாத மாதிரி அடிச்சுட்டா அது இன்னும் மோசம். வாழ்நாளெல்லாம் போலியை வச்சுக்கிட்டுப் பெருமைப்படுவார்.”

“அப்ப?”

“நான்தான் தேய்ச்சேன்னு சொல்லப் போறேன்.”

“அது மட்டும் பொய்யில்லையா?”

“பாத்திரக் கூடையில வச்சது நான்தானே? பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கடவுள்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்.”

“அவர்கிட்ட சின்னதா கேட்டுக்குங்க. பெரிய மன்னிப்பைக் கையுறைக்கு மிச்சம் வைங்க” என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கினாள்.

போனில் சொல்லும் விஷயமா இது? விடுமுறை நாளில் கடைக்காரரை நேரில் வரச் சொன்னார் மெக்கானிக். அன்று அம்மாவைச் சமையலறையிலேயே நிறுத்தி வைக்கும் பொறுப்பு மனைவிக்கு. அவள் ஒரு கூடைப் பட்டாணியைக் கொண்டுபோய் முன்னால் வைத்து, “இதை உரிச்சுக் குடும்மா” என்றாள்.

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னிக்கு என்ன அதிசயம்? நீயா குடுக்கறே?”

“சும்மாதான்.”

“சும்மா குடுக்கற ஆளா நீ?” என்றார் அத்தை. ஆனால் வேலை கிடைத்ததே என்று உரிக்க ஆரம்பித்தார்.

முன்னறையில் கடைக்காரர் சிரித்த முகமாக வந்து உட்கார்ந்து கையுறையை மாட்டிக்கொண்டார். மெக்கானிக் முதலில் சக்கரங்களைக் காட்டினார். விரலால் தொட்டதும் அவை வழுக்கிக்கொண்டு சுழன்றன. “பேஷ்! பேஷ்!” என்றார் கடைக்காரர். “பாய்லர் எங்க?”

மெக்கானிக் மேசை மேலிருந்த துணியை விலக்கினார்.

கடைக்காரர் பாய்லரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி பாய்லரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

“தப்பு நடந்துபோச்சு” என்றார் மெக்கானிக். “நான்தான் தேய்ச்சுட்டேன்.”

“என்னது, நீங்க தேய்ச்சீங்களா?” என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. கையில் டீத் தட்டோடு அத்தை நின்றார். பின்னால் மகள், கை நிறையப் பட்டாணித் தோலோடு, ‘என்னால் நிறுத்த முடியவில்லை’ என்று கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஏன் மாப்பிள்ளை, முழங்கை வலிக்க வலிக்கத் தேய்ச்சது நானு. பேரு மட்டும் உங்களுக்கா? நல்லா இருக்கே நியாயம்!”

கடைக்காரர் எழுந்து நின்றார். “நீங்களாம்மா?”

“நானேதான். கம்பி நார் ரெண்டு தீர்ந்துபோச்சு.”

“யாரைக் கேட்டுத் தொட்டீங்க?” கடைக்காரர் வீட்டில்கூடக் குரலை உயர்த்தாதவர். இப்போது தையல் மெஷின் மேலிருந்த ஊசி டப்பா அதிர்ந்தது. “இது என்ன சட்டியா, பானையா? யாரையும் கேட்காம, கொள்ளாம, அடுத்தவங்க பொருளை எடுத்துத் தேய்க்கறதா? அது கரி இல்லம்மா, பெயின்ட்! நூறு வருஷமா வெயில்கிட்ட தப்பிச்சுது, மழைகிட்ட தப்பிச்சுது, எத்தனையோ குழந்தைங்க கைகிட்ட தப்பிச்சுது. உங்க எலுமிச்சம்பழத்துகிட்ட தப்பிக்கலையே!”

அத்தை தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். “பெயின்ட்டா?”

“பச்சைப் பெயின்ட்! மேல தங்கக் கோடு!”

“கோடா? கோடு ஒண்ணும் இல்லையேப்பா.”

“இருந்துச்சு!” என்று கடைக்காரர் ஏறக்குறைய அழுதார்.

அத்தைக்கு அப்போதுதான் புரிந்தது. மருமகனின் முகத்தைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு கடைக்காரருக்கு நேராகத் திரும்பிக் கையைக் குவித்தார்.

“தப்பு என்னுதுதான்யா. தெரியாம செஞ்சேன், ஆனா செஞ்சது நான். கேட்டுட்டுத் தொட்டிருக்கணும். நீங்க கோபப்பட்டது சரிதான். இவரை ஒண்ணும் சொல்லாதீங்க.”

இத்தனை நேரான மன்னிப்பைக் கடைக்காரர் எதிர்பார்த்திருக்கவில்லை. உட்கார்ந்தார்.

அத்தை மருமகன் பக்கம் திரும்பினார். “ஏன் மாப்பிள்ளை, அன்னிக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?”

“உங்க மனசு கஷ்டப்படுமேன்னு...”

“இவரைப் பாருங்க, யாரோ எவரோ. வந்து அஞ்சு நிமிஷத்துல என்னை எப்படித் திட்டிட்டாரு! நீங்க இத்தனை மாசத்துல என்னை ஒரு வார்த்தை சொல்லலையே. நான் என்ன தப்பே செய்யலையா? போன மாசம் யாரும் பார்க்காதப்போ துவைக்கறேன்னு எடுத்து உங்க நல்ல சட்டையில சாயத்தை ஏத்தினது நான்தான். அப்பவும் ‘பரவால்ல அத்தை’. திட்டறதுக்கும் ஒரு உரிமை வேணும் மாப்பிள்ளை. ஒரு டம்ளர் கழுவ விடறதில்ல, ஒரு வார்த்தை சொல்றதில்ல. விருந்தாளிகிட்டதான் அப்படி இருப்பாங்க. விருந்தாளி எத்தனை நாள் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்க.”

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். மரியாதை என்று தான் நினைத்துச் செய்ததெல்லாம், எதிரில் இருப்பவருக்கு மூடிய கதவாகத் தெரிந்திருக்கிறது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. “திட்டத் தெரியாம இல்ல அத்தை” என்றார் கடைசியில். “பயம். கோவிச்சுக்கிட்டுப் போயிடுவீங்களோன்னு.”

“திட்டாததாலதான் போறேன்னு சொன்னேன்!”

மகள் பட்டாணித் தோலோடேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு குடும்பத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட கடைக்காரர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் டீயை எடுத்துக் குடித்தார். நல்ல டீ. இரண்டாவது மடக்கில் அவருக்குக் கோபத்தின் முனை மழுங்கியது. அது அவருக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் மழுங்கிவிட்டது.

“கொஞ்சம் சத்தமா பேசிட்டேன்மா” என்றார்.

“பேசுங்க, பேசுங்க. காதுக்கு நல்லா இருந்துச்சு.” அத்தை அவர் எதிரில் உட்கார்ந்தார். “ஏன்யா, இது நெசமாவே ஓடுமா?”

“ஓடற எஞ்சின்தான்.”

“ஓடி எப்படி இருக்கும்?”

“தெரியாதும்மா. நான் ஓட்டினதில்ல.”

“உங்களதுதானே? ஏன் ஓட்டல?”

“சூடு பட்டா பெயின்ட்...” என்று ஆரம்பித்த கடைக்காரர் அத்தோடு நின்றார்.

நான்கு பேரும் பாய்லரைப் பார்த்தார்கள். அதன் மேல் பெயின்ட் பொட்டளவும் இல்லை. கடைக்காரர் வெகுநேரம் அதையே பார்த்தபடி இருந்தார். அப்புறம் வலது கைக் கையுறையைக் கழற்றி, இடது கைக் கையுறையையும் கழற்றி, பையில் போட்டுக்கொண்டு, வெறும் கையால் அந்தப் பாய்லரைத் தூக்கினார்.

“கனமா இருக்கே” என்றார். பிறகு மெக்கானிக்கிடம், கடன் கேட்கிறவர் போலக் கூச்சத்தோடு, “ஓட்டிப் பார்த்துடலாமா?” என்றார்.

மெக்கானிக்குக் கை கால் பரபரத்தது. ஆனால் இந்த விஷயத்தில் அவர் அவசரப்படுகிறவர் இல்லை. முதலில் பாய்லருக்குள் குளிர்ந்த தண்ணீரைக் கைப் பம்பால் அடித்து, அழுத்தம் தாங்குகிறதா என்று பார்த்தார். ஒரு மூலையில் ஈயப் பற்று லேசாகக் கசிந்தது. அதைச் சூடுகாட்டி அடைத்து, மறுபடி அடித்துப் பார்த்தார். அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியே விடும் வால்வு பழசு, நம்ப முடியாது. புதிதாக ஒன்று போட்டார். ஆவி கசியாமல் இருக்கப் பிஸ்டனுக்குக் கிராஃபைட் நூல் சுற்றினார். விளக்குக்குப் புதுத் திரி போட்டு, எல்லாவற்றையும் மறுபடி பூட்டினார். கடைக்காரர் கிளம்பவில்லை. பட்டாணி உரித்துக்கொண்டே காத்திருந்தார். அவர் உரித்ததில் பாதி கீழே உருண்டது. அத்தை அதற்காக அவரை இரண்டு முறை கண்டித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருமாக மெஷின்களைச் சுவரோரம் தள்ளி, தரையில் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டார்கள்.

“தண்ணி நீங்க ஊத்துங்க அத்தை” என்றார் மெக்கானிக்.

அத்தை சின்னப் புனலை எடுத்துக்கொண்டு குனிந்தார். பாய்லர் உச்சியில் இருந்த துளைக்குப் பக்கத்தில் புனலை வைத்து ஊற்றினார். தண்ணீர் தரையில் ஓடியது. மறுபடி முயன்றார். இந்தப் பக்கம் ஓடியது. “துளை எங்கய்யா வச்சிருக்காங்க?”

கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். இப்போது அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. அத்தையின் மூக்கின் மேல் இருந்ததைப் பார்த்தார். “அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்கம்மா.” வாங்கி வெளிச்சத்துக்குக் காட்டினார். “இதை எப்பப் போட்டீங்க?”

“எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ.”

“அட கடவுளே! இதைப் போட்டுக்கிட்டு நீங்க தேய்ச்சதே பெருசு. இதுல கோடும் தெரியாது, பச்சையும் தெரியாது. உலகமே கரியாத்தான் தெரியும்!”

“அம்மா!” என்றாள் மகள். “கண்ணு தெரியலன்னா சொல்றதில்லையா?”

“சொன்னா அதுக்கும் ரெண்டு பேரும் ஓடுவீங்க. ஏற்கெனவே உட்கார்ந்து சாப்பிடறேன். இதுல கண்ணாடி வேறயா?”

மகள் அம்மாவின் கையைப் பிடித்துப் புனலைச் சரியான இடத்தில் வைத்தாள். இந்த முறை தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தாமல் உள்ளே இறங்கியது.

விளக்கை ஏற்றினார்கள். பித்தளை மெல்ல மெல்ல நிறம் மாறியது. உள்ளே ஏதோ முனகியது. கடைக்காரர் நன்றாகப் பார்ப்பதற்காகத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். மெக்கானிக் ஆவியைத் திறந்துவிட்டார். எஞ்சின் நகரவில்லை. ஒரு செருமல் செருமி, வெந்நீரைத் துப்பி, கடைக்காரரின் வெள்ளைச் சட்டையில் எண்ணெய்ப் பொட்டுகளாகத் தெளித்தது.

“உங்க மேல அதுக்கும் கோபம்தான் போல” என்றார் அத்தை.

மெக்கானிக் சுண்டு விரலால் ஒரு தள்ளு தள்ளினார். எஞ்சின் ஆஸ்துமாக்காரர் படி ஏறுவதுபோல இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. அரை வட்டம் போவதற்குள் மூச்சு சீரானது. ஒரு வட்டம் முடிந்ததும் யாருக்கும் காத்திராமல், வெண்புகை கக்கிக்கொண்டு, மேசைக் காலுக்கும் சுவருக்கும் நடுவே கிடுகிடுவென்று ஓடியது. சூடான எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது.

“ஓடுது!” என்றார் கடைக்காரர். “ஓடுது பாருங்க. என் எஞ்சின் ஓடுது!” அவர் தலை அதோடு சேர்ந்து சுற்றிச் சுற்றித் திரும்பியது. அத்தை கை தட்டினார். தண்ணீர் தீர்ந்து பாய்லர் காய்ந்துவிடக் கூடாதே என்று மெக்கானிக் விளக்கை அணைக்கப் போனார். கடைக்காரர் “இன்னும் ஒரே ஒரு சுத்து” என்று கெஞ்சினார். வீட்டில் மூத்தவரான அத்தைதான் கண்டிப்பாக, “போதும், தண்ணி ஊத்திட்டு மறுபடி விடுங்க” என்றார். மறுபடியும் விட்டார்கள். அதற்குப் பிறகும் மறுபடியும்.

பச்சைப் பெயின்ட்டுக்காகக் கடைக்காரர் வருத்தப்படாமல் இல்லை. பொருட்காட்சியில் வேறோர் எஞ்சினை வைத்துவிட்டு வந்தவர், ‘அந்தத் தங்கக் கோடு மட்டும் இருந்திருந்தா’ என்று பெருமூச்சு விட்டார். இழந்தது இழந்ததுதான். ஆனால் விடுமுறை தோறும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு, பழைய சட்டை போட்டுக்கொண்டு, மெக்கானிக் வீட்டுக்கு அவர் வராமலும் இல்லை. முதல்முறை வந்தபோது அத்தைக்கு ஒரு புதுக் கண்ணாடி கொண்டுவந்தார். இடையில் ஒருநாள் அத்தையைக் கடைக்கு வரவழைத்து அளவு பார்த்துச் செய்தது. ஒருவர் மேல் கத்திவிட்டு, அதே வாயால் அவர் கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிற மனம் உள்ளவர்கள் இருக்கும்வரை இந்த உலகத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். “ஐயையோ!” என்றார். “இத்தனை ஒட்டடையா? ஏண்டி, இப்படியா வீட்டை வச்சிருப்பே? மாப்பிள்ளை, உங்க தாடையில ஒரு பக்கம் சவரமே ஆகல!”

அன்று தொடங்கியது. சமையலறை அவர் கைக்குப் போனது. பிறகு கூடம். மாதம் பிறந்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும், ஒரு காலையில் மெக்கானிக் பட்டறையில் நுழைந்து மேசையைப் பார்த்தார். தனித்தனி மூடிகளில் வைத்திருந்த திருகாணிகள் எல்லாம் ஒரே டப்பாவில், பளபளவென்று துடைத்து, கொட்டி வைக்கப்பட்டிருந்தன.

“அத்தை!” வீடே அதிர்ந்தது. “யாரு இதை ஒண்ணா கொட்டினது? ஏழு மெஷினோட ஸ்க்ரூ இது! கொஞ்சமாவது யோசனை...”

வாய் தானாக மூடிக்கொண்டது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றாள்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு அத்தையின் குரல், நன்றாக, உரக்க, உற்சாகமாக வந்தது.

“ஏன் பாதியில நிறுத்திட்டீங்க? முழுசா திட்டி முடிங்க, அப்புறம் என் முறை! மூடியில எந்த மெஷின்னு ஒரு அடையாளம் போட்டு வைக்கத் தெரியாதா உங்களுக்கு? இருங்க, அடுப்பை அணைச்சுட்டு வர்றேன். ரெண்டு பேரும் உட்கார்ந்து பிரிப்போம்.”